வீடு கட்டுவோர் கேள்வி – பதில்: சூடேறும் தரையில் மரம் பதிக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோ பகுதியில் வாங்கிய பழைய வீட்டைப் புதுப்பித்து வருகிறோம். பின்புறம் நீட்டிக் கட்டிய சமையலறையில் தரைக்குள் வெந்நீர்க் குழாய் பதித்து, அதன்மேல் 65 மி.மீ. கனத்துக்கு மணல்-சிமெண்ட் ஸ்கிரீட் (தரையைச் சமப்படுத்தும் கலவை) போட்டு ஐந்து வாரம் ஆகிறது. மேற்பரப்பு வெளுத்துக் காய்ந்துவிட்டதால் அடுத்த வாரமே மரம் பதிக்கலாம் என்கிறார் பில்டர். ஊரில் பழைய வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த தேக்குப் பலகைகளைக் கப்பலில் அனுப்புவதாக மாமனார் சொல்கிறார். அவற்றைப் போடலாமா? சூடு பட்டு மரம் வெடித்துவிடாதா?
– வாசகி, ஹாரோ

பதில்: நீங்கள் சூட்டுக்கு அஞ்சுகிறீர்கள், நானோ உங்கள் ஸ்கிரீட்டுக்குள் இன்னும் தங்கியிருக்கும் ஈரத்துக்கு அஞ்சுகிறேன். மேற்பரப்பு வெளுத்திருப்பது எதற்கும் சான்றாகாது. நல்ல காற்றோட்டம் இருந்தால் 50 மி.மீ. வரை மில்லிமீட்டருக்கு ஒரு நாள், அதற்கு மேற்பட்ட கனத்துக்கு அதைவிடக் கூடுதலான நாட்கள் என்பது பிரிட்டனில் வழங்கும் கணக்கு. அதன்படி உங்கள் தரை காய இரண்டு மாதத்துக்குக் குறையாது. இரண்டரை மாதம் ஆனாலும் வியப்பில்லை. அதற்குமுன் மரத்தைப் பதித்துச் சூட்டை ஏற்றினால், கீழிருந்து எழும் ஈரத்தைப் பலகையின் அடிப்பக்கம் உறிஞ்சி விரியும், மேற்பக்கமோ காய்ந்து சுருங்கும். அப்போது பலகையின் இரு விளிம்புகளும் மேலெழும்பி நடுப்பகுதி குழிந்துவிடும். வெறுங்காலோடு நடந்தாலே ஒவ்வொரு விளிம்பும் தட்டுப்படும்.

சிமெண்ட் ஸ்கிரீட் போட்டபின் சூடேற்றக் காத்திருக்க வேண்டிய 21 நாட்கள் கடந்துவிட்டதால், இப்போதே சூட்டை ஏற்றிப் பார்க்கலாம். முதல் மூன்று நாட்களுக்குக் குழாயில் ஓடும் நீர் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கட்டும். பிறகு வடிவமைப்பில் குறித்த உச்ச வெப்பத்துக்குக் கொண்டுபோய் நான்கு நாட்கள் வைத்திருக்க வேண்டும். பின்னர் சூட்டை அணைத்துத் தரை ஆறியதும், அதன்மேல் ஈரமானிப் பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டிவைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒப்பு ஈரப்பதம் (பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் ஈர அளவு) 75 விழுக்காட்டுக்குக் கீழே வந்ததை எழுத்தில் வாங்கிய பிறகே மரம் பதிக்க ஒப்புதல் கொடுங்கள். பில்டர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

தேக்கைப் பற்றி: ஈரத்துக்கு மிகக் குறைவாக அசையும் (அதாவது விரிந்து சுருங்கும்) மரங்களில் ஒன்று என்று அதற்குள்ள பெயர் நியாயமானதே. ஆனால் நம் ஊர்க் காற்றில் கிடந்த பலகையில் 12 விழுக்காட்டுக்கு மேலேயே ஈரம் இருக்கும். சூடேறும் தரையின்மேல் அது 8 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். அந்த இறக்கத்தில் 150 மி.மீ. அகலப் பலகை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சுருங்கக்கூடும் என்பதால், குளிர்காலம் வந்தால் பலகைக்குப் பலகை இடைவெளி தெரியும். போதாக்குறைக்குப் பழைய பலகைகள் தடிமனானவை. அடியிலுள்ள சூட்டை அறைக்கு வரவிடாமல் தடுப்பவை. மாமனாரின் தேக்கைச் சாப்பாட்டு மேசையாக்குங்கள், அவருக்கும் மனம் நிறையும்.

தரைக்கு, ஒட்டுப்பலகையின்மேல் ஓக் படலம் ஒட்டிய எஞ்சினியர்டு பலகையையே பரிந்துரைப்பேன். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றின் அசைவை மற்றொன்று கட்டுப்படுத்தும். மரமும் அடிவிரிப்பும் சேர்ந்து 1.5 டாக் (வெப்பத்தடையை அளக்கும் அலகு) என்ற வரம்பைத் தாண்டக் கூடாது, 15 மி.மீ. ஓக் மட்டுமே ஏறத்தாழ 0.9 டாக் எடுத்துக்கொள்ளும். ஆகவே அடிவிரிப்பைத் தவிர்த்து, நெகிழும் பசையால் தரையோடு முழுவதும் ஒட்டுவதே மேல். சுவரோரம் 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விட மறக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வரவேற்பறையில் ஓக் தரைக்கு அடியில் சூடேற்றும் மின்கம்பிப் பாய் இருக்கிறது. அதன்மேல் தடித்த கம்பளம் விரிக்கலாமா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: வேண்டாம். வெந்நீர்க் குழாயால் நீரின் வெப்பத்தைத் தாண்டிச் சூடேற முடியாது. மின்கம்பிக்கு அத்தகைய வரம்பு இல்லாததால், கம்பளத்தின் அடியில் சூடு வெளியேற வழியின்றிக் கூடிக்கொண்டே போகும். மரத்தரையின் மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதைக் கண்காணிக்கும் உணரி கம்பளத்துக்கு வெளியே பதிந்திருந்தால் இந்தச் சூட்டை அது அறியவே அறியாது. ரப்பர் அடிப்பகுதி இல்லாத மெல்லிய நெசவு விரிப்பு என்றால் தடையில்லை; கால் இல்லாமல் தரையோடு படியும் சோபாவுக்கும் தடித்த கம்பளத்துக்குச் சொன்னதே பொருந்தும்.