நாலு மணி ஜெபமும் வாசலில் நிற்பவர்களும்

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் மூன்று ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் விசுவாசி நான். பத்து வருடமாக அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முழுவதும் வாசித்து முடிக்கிறேன். வெள்ளிதோறும் உபவாசம். ஆனாலும் சில மாதங்களாக ஆவிக்குரிய வறட்சி. கொழுந்து வாங்கும் தொழிற்சாலையிலிருந்து பணம் தாமதமாக வருவதால் கூலிப் பாக்கி விழுந்துவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் விடிந்ததும் வாசலில் வந்து நின்று தியானத்தைக் கெடுக்கிறார்கள். என் ஜெப வாழ்க்கையில் இன்னும் எதைக் கூட்ட வேண்டும்?

பதில்: ஐயா, உங்கள் கடிதம் நாலு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். மூன்றே முக்கால் பக்கம் ஜெபம். மீதிக் கால் பக்கத்தில், போகிற போக்கில், கூலிப் பாக்கி. கேள்வியோடு பதிலையும் நீங்களே எழுதி, ஒரே கவரில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

ஜனவரி ஒன்றாம் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி வருடத்துக்குள் முடிக்கிறவர், பிப்ரவரி முதல் வாரத்தில் லேவியராகமம் 19-ஐத் தாண்டியாக வேண்டும். அதன் 13-ஆம் வசனம் என்ன சொல்கிறது? கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது. பத்து வருடமாக விடியற்காலத்துக்கு முன்பே எழுகிற உங்கள் கண்ணில் இது படவில்லையா? உபாகமம் 24 இன்னும் கறார். பொழுது சாயுமுன் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதையே எதிர்பார்த்திருக்கிறான் என்கிறது. தொழிற்சாலைக்காரர் தந்த பிறகு கொடுத்தால் போதும் என்று அங்கே ஒரு வரியும் இல்லை.

பச்சைத் தேயிலை விலை உங்களை என்ன பாடு படுத்துகிறது என்று தெரியாமல் எழுதவில்லை. உங்களுக்கும் பாக்கி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பாக்கிக்காக நீங்கள் யார் வாசலில் போய் நிற்கிறீர்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன். நிற்பது அந்தப் பெண்கள் மட்டும்தான்.

வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அம்மா இதே மலையில் கொழுந்து பறித்தவர். தேயிலைக் கறை ஏறி, ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கருத்தே இருக்கும், சோப்புக்கெல்லாம் போகாது. ஒரு டிசம்பர் காலையில் மூன்று வாரக் கூலி கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டக்காரர் வீட்டுக்குப் போனார். உள்ளே குடும்ப ஜெபம். ஆர்மோனியம் வைத்துக் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள், நன்றாகவே பாடினார்கள். அம்மா ஈரச் சாக்கை என் தலையில் போர்த்திவிட்டு, ‘பேசாத, ஜெபம் பண்றாங்க’ என்றார். பாட்டு முடிந்து, வேத பாடம் முடிந்து, ஆளாளுக்கு ஜெபித்து முடிப்பதற்குள் என் கால் மரத்துவிட்டது. அப்புறம் வெளியே வந்தவர் ‘திங்கட்கிழமை வா’ என்றார். அவர் மனமறிந்து பொய் பக்தி செய்தவர் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. உள்ளே நடந்ததற்கும் வெளியே நின்றவர்களுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

உபவாசத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தவர். அதிகாலை நாலு மணிக்கு எழுவதில் உங்களுக்கு முன்னோடி. அவர் 1743-இல் தம் சங்கங்களுக்கு எழுதிக்கொடுத்த பொது விதிகள் மூன்று. முதலாவது, தீங்கு செய்யாதே. இரண்டாவது, நன்மை செய். ஆராதனை, திருவிருந்து, ஜெபம், வேத வாசிப்பு, உபவாசம் எல்லாம் மூன்றாவதில்தான் வருகின்றன. முதல் விதியில் செய்யக்கூடாத தீங்குகளைப் பட்டியல் போட்டவர், தீர்வை கட்டாத சரக்கை வாங்குவதையும் விற்பதையும் அதில் சேர்த்தார். அன்றைய இங்கிலாந்தில் அப்படிக் கள்ளத்தனமாக வந்து இறங்கிய சரக்கில் பெரும்பங்கு எது தெரியுமா? தேயிலை! 1746-இல் அவர் தேநீரையே விட்டார். இருபத்தாறு வருடப் பழக்கம். முதல் மூன்று நாள் தலைவலி. சங்கத்து ஏழைகளுக்கு அந்தச் செலவு மிச்சமாகட்டும், அதற்குத் தாமே வழிகாட்ட வேண்டும் என்றுதான் விட்டார். அவருடைய ஒழுக்கம் கணக்கு நோட்டுக்குள்ளும் போனது.

நாமோ எபேசியர் 2:8, 9-ஐ மனப்பாடமாகச் சொல்வோம். கிருபையினாலே இரட்சிப்பு, கிரியைகளினால் அல்ல. சொன்ன கையோடு, உபவாச நாட்களை வங்கியில் போட்ட பணம் மாதிரி எண்ணுவோம். வட்டி வரவில்லை என்றால் ‘வறட்சி’. பத்தாம் வசனத்தில் நற்கிரியைகள் வருகின்றன. அங்கே போகுமுன் பிரசங்கியார் ஆமென் சொல்லிவிடுவார்.

உங்கள் வெள்ளிக்கிழமைக்கென்றே எழுதியது போல ஏசாயா 58 இருக்கிறது. உபவாசம் இருந்தோமே, ஏன் பார்க்கவில்லை என்று மூன்றாம் வசனத்தில் ஜனங்கள் கடவுளிடம் கேட்கிறார்கள். உங்கள் கடிதமும் அதேதான். வறட்சிக்கும் அங்கே மருந்து உண்டு. ஆத்துமா திருப்தியாகும், நீர்ப்பாய்ச்சலான தோட்டம் போல இருப்பாய் என்கிறது பதினோராம் வசனம். அதற்கு முன்பே, ஆறாம் வசனத்திலிருந்து, நுகத்தடி, பசித்தவன், வீடில்லாதவன், வஸ்திரமில்லாதவன் என்று வந்துவிடுகிறது.

ஆக, எதையும் கூட்ட வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போல எழுங்கள். வேதாகமத்தோடு, வேலை நாளும் கூலியும் பதியும் செக்ரோல் நோட்டையும் எடுத்து வையுங்கள். யாருக்கு எத்தனை நாள், எத்தனை ரூபாய் என்று பெயர் பெயராக எழுதுங்கள். கையில் இருப்பதைக் கொடுங்கள். போதாவிட்டால் கடன் வாங்குங்கள், உரத்துக்கு வாங்குவதில்லையா? எடை போடும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எவ்வளவு கழிக்கிறீர்கள் என்பதையும் அப்படியே ஒருமுறை பார்த்துவிடுங்கள். விடிந்ததும் அவர்கள் வருவார்கள். வெளியே குளிரும், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஆளுக்கொரு டம்ளர் தேநீர் கொடுங்கள். உங்களுக்கு வேண்டாம், உபவாசம்.