ஒற்றர் போரும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளும்: வடக்கு அயர்லாந்து பற்றிச் சில கேள்விகள்

வடக்கு அயர்லாந்தில் நடந்த உளவுப் போர், அதன் ரகசியங்கள் கசிந்த விதம், அதில் பரபரப்புப் பத்திரிகைகளின் பங்கு பற்றி வந்த கேள்விகள் இவை. விசாரணை அறிக்கைகளைப் பல வருடங்களாகப் படித்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பிரிட்டனின் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு' ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை நடிகர்களின் போனைத்தானே ஹேக் செய்தது? அயர்லாந்து எங்கே வந்தது?

போன் கதை எல்லோருக்கும் தெரியும். வாய்ஸ்மெயிலுக்குக் கம்பெனி கொடுத்த ரகசிய எண்ணைப் பலர் மாற்றுவதே இல்லை. அதை அழுத்தி அடுத்தவர் செய்திகளைக் கேட்டார்கள். கொலையுண்ட ஒரு சிறுமியின் வாய்ஸ்மெயிலையும் விடவில்லை என்று 2011 ஜூலையில் தெரியவந்தபோது, 168 வருடப் பத்திரிகை ஒரே வாரத்தில் மூடப்பட்டது.

இயன் ஹர்ஸ்ட் விவகாரம் வேறு மாதிரி. அவர் 'ஃபோர்ஸ் ரிசர்ச் யூனிட்' என்ற பிரிட்டிஷ் ராணுவ உளவுப் பிரிவில் இருந்தவர். வடக்கு அயர்லாந்தில் ஒற்றர்களைச் சேர்ப்பதும் நடத்துவதும் அந்தப் பிரிவின் வேலை. 2006-ல் அவர் கம்ப்யூட்டருக்குள் ட்ரோஜன் என்ற திருட்டு மென்பொருளை அனுப்பி மெயில்களை எடுத்தார்கள். எடுத்தவை அந்தப் பத்திரிகையின் டப்ளின் அலுவலகத்துக்கு ஃபேக்ஸில் போயின. 2011 மார்ச்சில் பிபிசி இதை வெளியே கொண்டுவந்தது. 2017 அக்டோபரில் பத்திரிகை நிறுவனம் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடு கொடுத்தது. நடிகரின் காதல் விவகாரம் வெளியே வந்தால் அவமானத்தோடு போகும். இவருடைய மெயில் பெட்டியில் இருந்தது ஆட்களின் உயிர்.

அப்படி யாரைத் தேடினார்கள்?

'ஸ்டேக்நைஃப்' என்ற ஒற்றரை. வடக்கு அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஐஆர்ஏ என்ற ஆயுத இயக்கத்துக்குள் காட்டிக்கொடுப்பவர்களைப் பிடித்து விசாரிக்கும் பிரிவிலேயே இருந்த அரசின் ஆள். 2003-ல் பத்திரிகைகள் அது ஃப்ரெடி ஸ்காப்பட்டிச்சி என்று எழுதின. அவர் மறுத்தார், 2023-ல் இறந்துவிட்டார். அவரால் பல உயிர்கள் பிழைத்தன என்றுதான் ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். இந்த ஒற்றரைப் பற்றிய 'கெனோவா' போலீஸ் விசாரணையின் 2024 மார்ச் அறிக்கை அதை ஏற்கவில்லை. பிழைத்த உயிர்களைவிடப் போன உயிர்களே அதிகமாக இருக்கும் என்று சொன்னது.

ஒற்றர் இருக்கும் இடத்தைப் பத்திரிகை காட்டினால், அவர் சாவில் அதற்கும் பங்கு உண்டா?

டெனிஸ் டொனால்ட்சனைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐஆர்ஏ-வின் அரசியல் முகமான ஷின் ஃபெயின் கட்சியில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர். இருபது வருடம் பிரிட்டனுக்கு உளவு பார்த்ததாக 2005 டிசம்பரில் கேமரா முன்னால் அவரே சொன்னார். பிறகு டோனிகால் மாவட்டத்தில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு பழைய வீட்டில் ஒதுங்கினார். 2006 மார்ச்சில் 'சண்டே வேர்ல்டு' என்ற அயர்லாந்துப் பத்திரிகை அவரைத் தேடிக் கண்டுபிடித்துச் செய்தி போட்டது. ஏப்ரல் 4-ஆம் தேதி அதே வீட்டில் அவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றிருந்தார்கள். 2009-ல் ஐஆர்ஏ-விலிருந்து பிரிந்த 'ரியல் ஐஆர்ஏ' பொறுப்பேற்றது.

கொன்றவர்கள்தான் கொலைகாரர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் செய்ததை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்கு மேல் அவர் எந்த வீட்டில் படுத்துறங்குகிறார் என்பது எந்த வாசகருக்குத் தேவை? அதே பத்திரிகையின் நிருபர் மார்ட்டின் ஓ'ஹேகன் 2001-ல் லர்கன் நகரில் மனைவியோடு வீட்டுக்கு நடந்துபோகும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த ஊரில் ஒரு பெயர் வெளியானால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

அப்படியானால் கசிவே கூடாது என்கிறீர்களா?

இல்லவே இல்லை. கசிவு இல்லாவிட்டால் பேட் ஃபினுகேன் கொலையில் பாதி உண்மைகூட வந்திருக்காது. அவர் பெல்ஃபாஸ்ட் வழக்கறிஞர். 1989 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. மனைவி, மூன்று பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே புகுந்து 14 முறை சுட்டார்கள். மனைவிக்கும் காலில் குண்டுக்காயம்.

அதே வருடம் இன்னொரு கொலையை நியாயப்படுத்த, அரசின் ரகசியக் கோப்புகள் தங்களிடம் இருப்பதை, ஃபினுகேனைக் கொன்ற லாயலிஸ்ட் (பிரிட்டன் ஆதரவு) ஆயுதக் குழு வெளியே காட்டியது. அதனால்தான் ஜான் ஸ்டீவன்ஸ் என்ற போலீஸ் அதிகாரியின் விசாரணையே ஆரம்பித்தது. அந்தக் குழுவுக்குள் தகவல் திரட்டும் பொறுப்பில் இருந்த பிரையன் நெல்சன், ராணுவத்தின் ஒற்றர் என்பது அதில் தெரிந்தது. அவரைக் கைது செய்யத் திட்டமிட்டதற்கு முந்தைய இரவு, 1990 ஜனவரியில், காரிக்ஃபெர்கஸில் இருந்த விசாரணை அலுவலகம் தீப்பிடித்தது. தீ எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. போனும் வேலை செய்யவில்லை. வேண்டுமென்றே வைத்த தீ என்று ஸ்டீவன்ஸ் 2003-ல் எழுதினார்.

1999-ல் ஹர்ஸ்ட் பத்திரிகையில் பேசியது, நெல்சனை நடத்திய அதே ஃபோர்ஸ் ரிசர்ச் யூனிட்டைப் பற்றித்தான். அரசு அவர்மீது அலுவல் ரகசியச் சட்டத்தைக் காட்டியது; கடைசியில் வழக்கைக் கைவிட்டது. அவர் தானாக முன்வந்து, தன் பிரிவு செய்ததை, குடும்பங்களுக்காகச் சொன்னார். ட்ரோஜன் அனுப்பியவர்கள் அவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, விற்பதற்காக எடுத்தார்கள். இரண்டையும் 'ரகசியம் கசிந்தது' என்று ஒரே வரியில் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஹேக் செய்யாமலே கசிந்தது உண்டா?

உண்டு. 2023 ஆகஸ்டில் வடக்கு அயர்லாந்து போலீஸ், தகவல் உரிமைக் கேள்வி ஒன்றுக்கு எக்செல் கோப்பில் பதில் அனுப்பியது. மறைத்து வைத்த ஒரு ஷீட்டை நீக்க மறந்துவிட்டார்கள். ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களின் குடும்பப் பெயர், பதவி, பணியிடம், பிரிவு எல்லாம் சில மணி நேரம் இணையத்தில் இருந்தன. அதற்கு ஆறு மாதம் முன்புதான் ஓமா நகரில் ஒரு மூத்த துப்பறியும் அதிகாரியைத் தன் மகனோடு விளையாட்டு மைதானத்தில் இருக்கும்போது சுட்டிருந்தார்கள். அங்கே இன்றும் காரை எடுக்கும் முன் குனிந்து அடியில் வெடிகுண்டு இருக்கிறதா என்று பார்க்கும் போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள்.

ஃபினுகேன் குடும்பத்துக்கு நியாயம் கிடைத்ததா?

2012-ல் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் கேமரன், கொலைக்கு அரசுத் தரப்பினர் உடந்தையாக இருந்ததற்காக மன்னிப்புக் கேட்டார். முழுப் பொது விசாரணையை 2024 செப்டம்பரில்தான் அறிவித்தார்கள். அன்று சாப்பாட்டு மேசையில் இருந்த பிள்ளைகளில் ஒருவரான ஜான் ஃபினுகேன் இப்போது எம்.பி.