பீட்டா சோதனையாளர் போனிலிருந்து கிராஷ் லாக்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சோதனையாளர் தொழில்நுட்பம் தெரியாதவர். கம்ப்யூட்டர் இல்லாமல் ஐபோனிலிருந்து கிராஷ் லாக், அதாவது செயலி திடீரென நின்றபோது போன் எழுதிவைக்கும் பதிவு, அனுப்ப முடியுமா?

பதில்: முடியும். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அனலிட்டிக்ஸ் அண்ட் இம்ப்ரூவ்மென்ட்ஸ், அனலிட்டிக்ஸ் டேட்டா என்று வரிசையாகப் போகச் சொல்லுங்கள். செயலியின் பெயரும் தேதியும் உள்ள கோப்பைத் திறந்து ஷேர் செய்தால் போதும். அந்தப் பெயரில் எதுவும் இல்லாமல், அதே நேரத்தில் ஜெட்சம்ஈவென்ட் என்ற கோப்பு இருந்தால் அதை வாங்குங்கள். நினைவகம் போதாமல் ஐஓஎஸ்ஸே செயலியை நிறுத்தியிருக்கலாம். அதில் ஸ்டாக் டிரேஸ் (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்து செயலி விழுந்தது என்ற பட்டியல்) இருக்காது. எந்தச் செயலி எவ்வளவு நினைவகம் பிடித்திருந்தது என்பது இருக்கும். ஆப்பிளின் சோதனைச் சேவையான டெஸ்ட்ஃபிளைட் வழியாகக் கொடுத்த பில்ட் (செயலியின் ஒரு பதிப்பு) என்றால், முதலில் உங்கள் மேக்கில் உள்ள எக்ஸ்கோடு என்ற நிரலாக்கக் கருவியின் ஆர்கனைசரைப் பாருங்கள்.

கேள்வி: லாக் வந்தது, ஆனால் வெறும் முகவரி எண்கள்தான்.

பதில்: அந்த பில்டின் டிஎஸ்ஒய்எம் கோப்பு வேண்டும்; முகவரி எண்களை ஃபங்ஷன் பெயர்களாக மாற்ற உதவுவது அதுதான். பில்டின் அடையாள எண்ணான யுயுஐடி ஒத்துப்போகாவிட்டால் பெயர்கள் வராது. வெளியே அனுப்பும் ஒவ்வொரு பில்டுக்கும் அதை எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டில்?

பதில்: பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் பக் ரிப்போர்ட் (போனின் பதிவுகளைத் திரட்டிய கோப்பு) எடுக்கலாம். செயலி விழுந்த உடனே எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் பதிவேடான லாக்கேட்டில் புதிய வரிகள் பழையவற்றை அழித்துக்கொண்டே போகும். ரிப்போர்ட்டில் போன் முழுவதின் தகவலும் இருக்கும், அதனால் குழுவில் போடச் சொல்லாதீர்கள். தனியாக வாங்குங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டு டிரேஸில் பெயர்களுக்குப் பதிலாக ஏ, பி, சி என்றே வருகிறது.

பதில்: பில்ட் செய்யும்போது குறியீட்டைச் சுருக்கும் ஆர்8 என்ற கருவி பெயர்களைச் சுருக்கியிருக்கிறது. பழைய பெயர்களைத் திரும்பப் பெற, அந்த பில்டின் மேப்பிங் கோப்பும் (சுருக்கிய பெயருக்கு எது உண்மைப் பெயர் என்ற பட்டியல்) ரீடிரேஸ் என்ற கருவியும் வேண்டும். இதையும் பில்டோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: கிராஷ்களைத் தானாகவே நமக்கு அனுப்பும் கிராஷ்லிட்டிக்ஸ் சேவை இருக்கும்போது சோதனையாளரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?

பதில்: கிராஷ்லிட்டிக்ஸின் எஸ்டிகே (செயலிக்குள் நாம் சேர்க்கும் அதன் நிரல்) தொடங்கும் முன்பே செயலி விழுந்தால் அதைப் பிடிக்க ஆளில்லை. ஐபோனில் நினைவகத்துக்காக நிறுத்தப்பட்டதும் அதில் கிராஷாகப் பதிவாகாது.

கேள்வி: அதெல்லாம் அபூர்வம். மிகைப்படுத்துகிறீர்கள்.

பதில்: இல்லை. எனக்கே நடந்தது. செயலி திறக்கவே இல்லை என்று ஒரு சோதனையாளர் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கிராஷ்லிட்டிக்ஸ் டாஷ்போர்டில் ஒன்றுமில்லை என்று நான் அவரை நம்பவில்லை. கடைசியில் அவர் போன் லாக்கில்தான் தெரிந்தது: எஸ்டிகேவைத் தொடங்கும் வரிக்கு மேலேயே பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றும் டேட்டாபேஸ் மாற்றத்தை ஓட்டியிருந்தேன், பழைய தரவு இருந்த போனில் அது விழுந்தது. திறக்கும்போதே விழும் செயலியை யாரும் இரண்டாவது வாரம் சோதிக்க மாட்டார்கள். எஸ்டிகேவைத் தொடங்கும் வரியை முதலில் வையுங்கள், அப்போதும் போன் லாக்கைக் கேளுங்கள்.

கேள்வி: ஐபோனில் லாக் எங்கே இருக்கும்?

பதில்: முதல் பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: என் லாக்கிலும் எண்கள்தான். டிஎஸ்ஒய்எம் அழிந்துவிட்டது.

பதில்: ஆர்கனைசரில் அந்த பில்டின் ஆர்க்கைவ் (சேமித்த தொகுப்பு) இன்னும் இருக்கிறதா பாருங்கள், டிஎஸ்ஒய்எம் அதற்குள் இருக்கும். இல்லையென்றால் புதிய பில்ட் அனுப்பி, மறுபடி விழ வைக்கத்தான் வேண்டும்.