பெண்கள்தான் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார்களே, இன்னும் என்ன பாகுபாடு?

கேள்வி இதுதான்: "இந்திய ராணுவத்தில் பெண்கள் கர்னல் வரை வந்தாயிற்று, போர் விமானமும் ஓட்டுகிறார்கள். இன்னும் பாகுபாடு என்று புலம்புவது மிகைதானே? ஆணுக்கும் பெண்ணுக்கும் உடல் வலிமை ஒன்றா?"

உடல் வலிமைக்குக் கடைசியில் வருகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் நேராக அங்கேதான் போய் நிற்கிறார்கள். உண்மையான பாகுபாடு பெரும்பாலும் நடந்தது ஓட்டப்பந்தய மைதானத்தில் இல்லை, கோப்புகளில்.

ராணுவ அதிகாரி தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மகளைச் சேர்க்க வரும் அப்பாக்கள் துப்பாக்கியைப் பற்றியோ பனிமலையைப் பற்றியோ கேட்பதே இல்லை. "பதினாலு வருஷம் கழிச்சு வெளிய அனுப்பிட்டா என் பொண்ணு என்ன சார் பண்ணுவா?" என்றுதான் கேட்கிறார்கள். ரொம்பச் சரியான கேள்வி. வழக்குகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் நடந்தன.

1992இல் மருத்துவம், செவிலியர் அல்லாத பிரிவுகளுக்கும் பெண் அதிகாரிகளை எடுக்க ஆரம்பித்தபோது ஐந்து ஆண்டு வேலை என்றுதான் திட்டம். அப்புறம் அதைப் படிப்படியாக 14 ஆண்டு வரை நீட்டினார்கள். அதிகாரிக்கு பென்ஷன் வேண்டுமானால் 20 ஆண்டு சேவை வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை ஓ.டி.ஏ.வில், அதாவது அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், பயிற்சி முடித்த ஆண் விரும்பினால் நிரந்தர கமிஷனுக்கு, அதாவது ஓய்வு வயது வரை நீடிக்கும் வேலைக்கு, விண்ணப்பிக்கலாம். அதே ஓ.டி.ஏ.வில் பயிற்சி பெற்ற பெண்ணுக்கு அப்போது அந்தக் கதவே இருக்கவில்லை. முப்பத்தைந்து வயதைத் தாண்டி, வீட்டுக் கடனும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் இருக்கும் நேரத்தில், பென்ஷன் இல்லாமல் வெளியே வர வேண்டியிருந்தது. 2008இல் சட்டப் பிரிவிலும் கல்விப் பிரிவிலும் மட்டும் கொஞ்சம் வழிவிட்டார்கள்.

டெல்லி உயர் நீதிமன்றம் 2010இலேயே பெண்களுக்கு நிரந்தர கமிஷன் கொடுக்கச் சொல்லிவிட்டது. அரசு மேல்முறையீடு செய்தது. தீர்ப்புக்குத் தடை எதுவும் இல்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகும் அது அமலாகவில்லை. 2020 பிப்ரவரியில் பபிதா புனியா வழக்கில் இறுதித் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் அரசு வைத்த வாதங்களில் ஒன்று, சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்துப் பின்னணியில் இருந்து வருபவர்கள், பெண்ணின் கட்டளைக்குக் கீழ்ப்படியும் மனநிலை அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்பது. மேலதிகாரி சொன்னால் குண்டு மழையிலும் முன்னேற வேண்டும் என்று பழக்கப்படுத்தும் ஒரு அமைப்பு, நீதிமன்றத்தில் வந்து இப்படிச் சொன்னது எனக்கு இன்றுவரை வியப்புதான். நீதிபதிகள் அந்த வாதத்தை நிராகரித்தார்கள்.

பலரும் கதை அங்கே முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அடுத்த ஆண்டு வந்த நிதிஷா வழக்கைப் படித்தால்தான் பாகுபாடு எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறது என்பது புரியும். 2020 தீர்ப்புக்குப் பிறகு ராணுவம் தேர்வு வாரியம் அமைத்தது. அதன் விதிகள் பார்வைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஷேப்-1 என்ற முதல் தர உடல்தகுதி வேண்டும், ஆரம்ப ஆண்டுகளின் ஏ.சி.ஆர்., அதாவது மேலதிகாரி எழுதும் ஆண்டு ரகசிய அறிக்கை, நன்றாக இருக்க வேண்டும். இதில் என்ன தப்பு என்று தோன்றும். ஆண்களுக்கு இந்த உடல்தகுதியைப் பார்த்தது ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில், இளம் வயதில். அதற்குப் பிறகு தகுதி கொஞ்சம் இறங்கினாலும் வேலை போகாது. பெண்களை அந்த வயதில் யாரும் பரிசீலிக்கவே இல்லை. இருபது ஆண்டு தள்ளிப்போட்டுவிட்டு, நாற்பதைக் கடந்தவர்களிடம் இளைஞனின் உடலைக் காட்டு என்றார்கள்.

ஏ.சி.ஆர். கதை இன்னும் மோசம். இந்தப் பெண்ணுக்கு நிரந்தர கமிஷன் கிடையாது என்று தெரிந்தே எழுதப்பட்ட அறிக்கைகள் அவை. எதற்கும் பயன்படப் போவதில்லை என்று அசட்டையாகப் போட்ட மதிப்பெண்களை, ஒரு தலைமுறை கழித்துத் தூசி தட்டி எடுத்து அவர்களுக்கு எதிராகவே வைத்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டியதில்லை, விளைவு ஒன்றுதான். இதை மறைமுகப் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகவே சொன்னது.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் பற்றி நாட்டுக்கு விளக்கமளித்த கர்னல் சோபியா குரேஷியை எல்லோரும் டிவியில் பார்த்தோம். பபிதா புனியா தீர்ப்பு உதாரணமாகக் காட்டிய அதிகாரிகளில் அவரும் ஒருவர். அதே வாரம் உச்ச நீதிமன்றத்தில் வேறு பெண் அதிகாரிகளின் வழக்கு விசாரணைக்கு வந்தது. நிரந்தர கமிஷன் மறுக்கப்பட்டவர்கள். வழக்கு முடியும்வரை அவர்களை வேலையிலிருந்து விடுவிக்காதீர்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

செவிலியர் பிரிவில் ஒரு காலத்தில் கல்யாணம் செய்ததற்கே வேலை போனது. 1988இல் அப்படி வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி 2024இல்தான் தீர்ப்பு வந்தது.

சரி, உடல் வலிமை. வித்தியாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கடும் பயிற்சியில் எலும்பில் விரிசல் வருவது பெண்களுக்கு அதிகம், அது மருத்துவ உண்மை. காலாட்படைக்கு இவ்வளவு எடையைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் போக வேண்டும் என்றால் அந்த அளவை வையுங்கள், குறைக்கவே வேண்டாம். தாண்டுபவர் உள்ளே, தாண்டாதவர் வெளியே. அமெரிக்கா 2015 கடைசியிலும் பிரிட்டன் 2018இலும் எல்லாப் போர்ப் பிரிவுகளையும் திறந்தது இந்த அடிப்படையில்தான். இங்கே காலாட்படையும் டாங்கிப் படையும் இன்னும் மூடியே இருக்கின்றன.

அது மட்டுமல்ல, எடை தூக்க வேண்டியில்லாத வேலையிலும் கதை இதேதான். ராணுவத்தின் சட்டப் பிரிவுக்கு ஆள் எடுத்ததில் ஆண்களுக்கு ஆறு இடம், பெண்களுக்கு மூன்று. 447 மதிப்பெண் பெற்ற பெண்ணுக்கு இடமில்லை, 433 பெற்ற ஆணுக்கு இருந்தது. வழக்கறிஞர் வேலைக்கு! 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது.

இத்தனையும் தெரிந்தும் மாணவிகளைச் சேர வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. 2025 மே மாதம் புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் என்.டி.ஏ.வில், அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமியில், 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பிலேயே முடிவெடுக்கக்கூடியவர்களுக்கு என்.டி.ஏ.வைத்தான் முதலில் சொல்கிறேன், அந்த வழி நேராக நிரந்தர கமிஷனுக்குப் போகிறது. ஓ.டி.ஏ. வழியாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் ஆண்டிலிருந்தே ஏ.சி.ஆரில் கண் வையுங்கள். அநியாயமாகக் குறைத்திருப்பது தெரிந்தால் தயங்காமல் உரிய காலத்தில் எழுத்தில் முறையிடுங்கள். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதன் அமர்வு சென்னையிலேயே உண்டு.