தானே மூடும் டிக்கி மக்கர் செய்தால்: பழைய கார் கேள்வி பதில்

டிக்கி மூடியை மெல்ல இறக்கி வைத்தால் போதும், கடைசி ஓர் அங்குலத்தை மோட்டார் இழுத்துக்கொள்ளும். பழைய கேடிலாக், லிங்கன் கார்களில் இந்த வசதி உண்டு. 1991-ல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ140-ல் அதே வேலையைக் காற்று செய்தது. இந்தப் பொறிகளைப் பல வருடமாகக் கழற்றி மாட்டி வருகிறேன். வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மூடி மாட்டிக்கொள்கிறது, ஆனால் கீழே இழுக்கவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. மோட்டார் போய்விட்டதா அண்ணா?

மோட்டாரை இப்போதே குறை சொல்ல வேண்டாம் தம்பி. இது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான கார்களில் பாடி பக்கம் இருக்கும் கம்பி வளையத்தை, அதாவது ஸ்ட்ரைக்கரை, மோட்டார் ஏற்றி இறக்குகிறது. டிக்கி திறந்திருக்கும்போது அது மேலே நிற்கும். மூடியில் இருக்கும் லாட்ச், அதாவது பூட்டுக் கொக்கி, அதைக் கவ்வியதும் லாட்ச்சுக்குள் உள்ள சிறு சுவிட்ச் செய்தி சொல்லும், உடனே மோட்டார் ஸ்ட்ரைக்கரைக் கீழே இழுக்கும். சுவிட்ச் சொல்லாவிட்டால் மோட்டார் நல்ல நிலையில் இருந்தும் சும்மாதான் இருக்கும்.

ஆகவே முதலில் ஃபியூஸ், அடுத்து எர்த், அப்புறம் லாட்ச் சுவிட்ச். டிக்கி திறந்திருக்கும்போதே ஒரு ஸ்க்ரூடிரைவரால் லாட்ச்சைப் பூட்டிய நிலைக்குத் தள்ளிப் பாருங்கள், கை விரலால் வேண்டாம். ஸ்ட்ரைக்கர் இறங்கினால் மின்சாரப் பக்கம் சரி. மூடி உட்காரும் இடத்தில்தான் கோளாறு. இறங்காவிட்டால் மோட்டார் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சோதனை முடிந்ததும் டிக்கி சாவியால் லாட்ச்சை விடுவிக்க மறக்காதீர்கள். பூட்டிய லாட்ச்சோடு மூடியை இறக்கினால் அது ஸ்ட்ரைக்கரில் இடித்து வளைந்துவிடும்.

கேள்வி: என் காரில் மோட்டார் சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. ஸ்ட்ரைக்கர் மட்டும் அசையவில்லை.

பிளாஸ்டிக் கியரின் பல் தேய்ந்திருக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு யூனிட்டைப் பிரித்தால் உள்ளே வெள்ளைத் தூளாகவோ உடைந்த பல்லாகவோ கிடக்கும். கியர் மட்டும் தனியாகக் கிடைத்தால் மாற்றுங்கள். பசை போட்டு ஒட்டிய பல் நிற்காது, நானும் முயன்று பார்த்துவிட்டேன்.

ஆனால் கியர் ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். அதைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் கிரீஸை மெல்லிய பூச்சாகப் போடுங்கள். டிக்கி வாயைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கையும் பாருங்கள். தடித்த பீடிங் போட்டிருந்தால் மோட்டார் ஒவ்வொரு முறையும் அதை நசுக்கித்தான் மூட வேண்டியிருக்கும்.

கேள்வி: பழுது பார்த்து அலுத்துவிட்டது. இந்த மோட்டாரே வேண்டாம், சாதாரண டிக்கி மாதிரி அறைந்து மூடினால் போதும். கனெக்டரைப் பிடுங்கிவிடலாமா?

பிடுங்கலாம் சார், ஆனால் ஸ்ட்ரைக்கர் முழுக்கக் கீழே இறங்கிய பிறகுதான். இன்று நான் சொல்வதில் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். மேலே நிற்கும்போது பிடுங்கினால் மூடி பூட்டிக்கொள்ளும், ஆனால் பீடிங்கில் உட்காராது. விரல் நுழையும் இடைவெளி இருக்கும், மழை நீர் உள்ளே போகும், ஸ்டெப்னி குழியில் துரு பிடிக்கும்.

மோட்டார் ஓடுகிற நிலையில் இருந்தால் வேலை சுலபம். முன்பு சொன்னபடி லாட்ச்சை ஸ்க்ரூடிரைவரால் பூட்டுங்கள். ஸ்ட்ரைக்கர் அடிவரை இறங்கி நின்றதும் கனெக்டரைக் கழற்றுங்கள். பிறகு சாவியால் லாட்ச்சைத் திறந்துவிடுங்கள். ஸ்ட்ரைக்கர் கீழேயே நிற்கும்.

சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால் மோட்டாரின் இரண்டு முனைக்கும் நேரடியாக 12 வோல்ட் கொடுக்கலாம், நடுவில் ஒரு ஃபியூஸ் கட்டாயம். ஸ்ட்ரைக்கர் மேலே போனால் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள், கீழே வரும். மின்சாரத்தை மோட்டாரின் முனையில் கொடுங்கள். யூனிட்டின் கனெக்டரில் கொடுத்தால் உள்ளே இருக்கும் சுவிட்சும் ரிலேயும் கெட வாய்ப்பு உண்டு. அடியைத் தொட்டதும் உடனே எடுத்துவிடுங்கள், வழக்கமாக எல்லை வந்ததும் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் இந்த முறையில் மோட்டாரை நிறுத்தாது.

மோட்டார் செத்தே போயிருந்தால் யூனிட்டைக் கழற்றிக் கையால் கியரைச் சுற்றி இறக்க வேண்டும். கழற்றும் முன் போல்ட்டைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். அந்த ஓட்டைகள் நீளவாக்கில் இருக்கும், இடம் தவறினால் மூடி கோணலாக உட்காரும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு காகிதத் துண்டைப் பீடிங்கின் மேல் வைத்து மூடி, வெளியே இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் நாலைந்து இடத்தில் ஒரே மாதிரிப் பிடித்து வர வேண்டும். எங்காவது தளர்வாக வந்தால் ஸ்ட்ரைக்கரை ஒரு நூல் இறக்குங்கள். கழற்றிய கனெக்டரை வெட்டாதீர்கள். டேப் சுற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள், பின்னால் யாராவது சரிசெய்ய நினைத்தால் உதவும்.

கேள்வி: கீழே இறங்கிய அதே வேகத்தில் திரும்ப மேலே வந்துவிடுகிறது. நான்கைந்து முறை இப்படி ஆடுகிறது.

மூடி திறந்துவிட்டதாக லாட்ச் சுவிட்ச் தவறாகச் சொல்கிறது. லாட்ச்சில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், அல்லது ஸ்ட்ரைக்கர் பக்கவாட்டில் நகர்ந்திருக்கலாம். லாட்ச்சின் உள்பக்கம் ஒரு புறம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்ட்ரைக்கரை நடுவுக்குக் கொண்டுவந்தாலே நின்றுவிடும்.

கேள்வி: சில நாள் வேலை செய்கிறது, சில நாள் இல்லை. மூடியை ஆட்டினால் உயிர் வருகிறது.

கீல் பக்கம் வளைகிற வயர். மேலுறை நன்றாகத் தெரியும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஒவ்வொரு வயராகப் பிடித்து மெல்ல இழுங்கள். ரப்பர் மாதிரி நீள்கிற இடத்தில் அறுந்திருக்கிறது. வளையும் இடத்திலேயே சால்டர் வைத்து இணைத்தால் கொஞ்ச நாளில் அதன் பக்கத்தில் மறுபடி அறும். மெல்லிய இழைகள் கொண்ட புது வயரைப் போட்டு, இணைப்புகளை வளைவுக்கு இரு பக்கமும் தள்ளி வையுங்கள்.

கேள்வி: என்னுடையது டபிள்யூ140. டிக்கி கடைசி இழுப்பு இல்லை, மூடிய பிறகு எங்கோ பம்ப் ரொம்ப நேரம் ஓடுகிறது. ஃபியூஸை எடுத்துவிடட்டுமா?

வேண்டாம் அண்ணா. அதே பம்ப்தான் சென்ட்ரல் லாக்கையும் பார்த்துக்கொள்கிறது, ஃபியூஸ் போனால் அதுவும் போகும். பம்ப் நீண்ட நேரம் ஓடுவது காற்று எங்கோ கசிவதற்கு அடையாளம். ரப்பர் இணைப்பில் வெடிப்பு இருக்கலாம், அல்லது டிக்கி பூட்டை இழுக்கும் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம். டிக்கிக்குப் போகும் குழாயை மட்டும் கழற்றி முனையை இறுக்கமாக அடைத்துப் பாருங்கள். பம்ப் சீக்கிரம் நின்றால் கசிவு அந்தக் கிளையில்தான். வசதி வேண்டாம் என்றால் அந்த அடைப்பை அப்படியே விட்டுவிடலாம், மற்ற பூட்டுகள் எப்போதும் போல வேலை செய்யும். ஆனால் கசிவோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பம்ப் சூடாகிக் கெட்டுப்போகும்.

கேள்வி: கோளாறு வந்ததிலிருந்து இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது.

மூடி முழுதாக மூடியதாகக் கார் நம்பவில்லை, டிக்கி விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. போனில் வீடியோவை ஓட விட்டு, போனை உள்ளே வைத்து மூடிப் பாருங்கள், தெரிந்துவிடும். தற்காலிகமாகப் பல்பைக் கழற்றுங்கள்.

கேள்வி: மெக்கானிக் கிடைக்கும் வரை மூடியைக் கயிற்றால் கட்டி ஓட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஓடும்போது காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு, அதனால் சைலன்சர் புகை அந்த இடைவெளி வழியாக உள்ளே வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தவிர்க்கவே முடியாமல் மிகக் கொஞ்ச தூரம் நகர்த்த வேண்டுமானால் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, உள்ளே புதுக் காற்று வரும்படி ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள்.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். சரிசெய்வதா, நிறுத்திவிடுவதா?

நிறுத்திவிடுங்கள் அம்மா. விரல் பட்டால் திரும்பும் பாதுகாப்பு இந்தப் பழைய யூனிட்டுகளில் இல்லை. லாட்ச் கவ்விவிட்டால் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இழுத்துவிடும். முன்பு சொன்னபடி ஸ்ட்ரைக்கரை இறக்கிக் கனெக்டரைக் கழற்ற அரை மணி நேரம் போதும், மூடியை ஒரு சாண் உயரத்திலிருந்து தட்டி மூடப் பழகிக்கொள்ளலாம். குழந்தைகள் வளர்ந்த பிறகு அதே கனெக்டரைத் திரும்பச் செருகிக்கொள்ளுங்கள்.