ப்ரூச்சின் வரலாறு என்ன? இன்றைய உடைகளோடு அதை எப்படி அணிவது?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருந்தது இதுதான்: சித்தியின் பழைய நகைப்பெட்டியிலிருந்து தும்பி வடிவில் ஒரு ப்ரூச், அதாவது உடையில் குத்தும் அலங்கார ஊசி, கிடைத்திருக்கிறது. போட ஆசை. ஆனால் குத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றால், விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் மாதிரி இருக்கிறது.

சிரித்துவிட்டேன், ஏனென்றால் நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். இப்போது பத்துப் பன்னிரண்டு வருடமாகப் போடுகிறேன். வரலாறு, அணியும் முறை என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. ப்ரூச் முதலில் ஊக்கு, அப்புறம்தான் நகை. நீங்கள் அதை வெறும் நகையாகக் குத்துவதால்தான் பேட்ஜ் மாதிரி தெரிகிறது.

பெயரே அதைத்தான் சொல்கிறது. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கூரான நீண்ட கம்பி என்று பொருள். மணியும் கல்லும் அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. பொத்தான் போட்டு மூடும் உடைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பு, தைக்காத துணியைத்தான் உடம்பில் சுற்றிக்கொண்டார்கள். சுற்றிய துணி நழுவும். தோளில் ஒரு முள்ளைக் குத்தினால் நிற்கும், ஆனால் முள் உருவிக்கொண்டு விழும். கி.மு. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் கிரேக்கத்திலும் இத்தாலியிலும் யாரோ ஒரு கைவினைஞர் வெண்கலக் கம்பியை வளைத்து, ஒரு முனையைச் சுருளாக்கி, மறுமுனையில் கொக்கி வைத்தார். சுருளின் விசையால் ஊசி கொக்கிக்குள் போய்த் தானாகவே இறுகிக்கொள்ளும். ரோமானியர்கள் இதை ஃபிபுலா என்றார்கள். நம் கெண்டைக்காலில் இருக்கும் மெல்லிய எலும்புக்கும் மருத்துவத்தில் அதே பெயர்தான். பக்கத்து எலும்போடு சேர்த்துப் பார்த்தால் அது ஊக்கின் ஊசி மாதிரி இருப்பதால் அப்படி வைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1849இல் நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் ஒரு கம்பியை முறுக்கி இதே சுருள், இதே கொக்கி வைத்துக் காப்புரிமை வாங்கினார். அதுதான் வீட்டில் எல்லோரும் வைத்திருக்கும் சாதாரண ஊக்கு. 15 டாலர் கடனை அடைக்க வேண்டியிருந்ததால், அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பார்கள். மூவாயிரம் வருடம் கழித்தும் மனிதனுக்கு அந்தச் சுருளை விட நல்ல யோசனை தோன்றவில்லை.

பழைய ஊசிகள் லேசுப்பட்டவை இல்லை. பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு சம்பவம் எழுதுகிறார். ஏதென்ஸிலிருந்து ஏஜினா தீவுக்குப் போன படையில் ஒரே ஒருவன்தான் உயிரோடு திரும்பினான். இறந்தவர்களின் மனைவிமார் அவனைச் சூழ்ந்துகொண்டு, "என் புருஷன் எங்கே?" என்று ஆளுக்கு ஒரு குத்தாக உடை ஊசியால் குத்தியே கொன்றுவிட்டார்கள். படை அழிந்ததை விட இதுதான் ஏதென்ஸ்காரர்களுக்குப் பயமாக இருந்ததாம். பெண்களின் உடையையே ஊசி தேவைப்படாத லினன் அங்கியாக மாற்றிவிட்டார்கள். எதிர்த்தரப்பான ஏஜினாவிலும் ஆர்கோஸிலும் வீம்புக்கு ஊசியை முன்பிருந்ததை விட ஒன்றரை மடங்கு நீளமாக்கினார்கள். நடந்ததோ, கட்டுக்கதையோ, அந்தக் கால ஊசியின் அளவு இதிலேயே தெரிந்துவிடுகிறது.

வைக்கிங் காலத்து வடக்கு ஐரோப்பியப் பெண்கள் ஆமை ஓடு போன்ற நீள்வட்ட ப்ரூச்சுகளை ஜோடியாக, தோள்பட்டை வார்களில் குத்தினார்கள். இரண்டுக்கும் நடுவே பாசிமணிச் சரம் தொங்கும். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இனிமேல்தான். கல்லறைகளில் துணியெல்லாம் மக்கிப் போய்விட்டது, ஆனால் ப்ரூச்சின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த துணுக்குகள் மட்டும், உலோகம் கசிந்து ஊறியதால் தப்பிவிட்டன. அந்தப் பெண்கள் என்ன துணி, எத்தனை அடுக்கு உடுத்தினார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு அந்தப் பின்பக்கத் துணுக்குகளுக்குத்தான். ப்ரூச்சைக் கையில் எடுத்தால் முதலில் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இதைப் படித்த பிறகுதான் வந்தது.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேறொரு வகை இருந்தது: ஓரிடத்தில் இடைவெளி விட்ட வளையம், அதில் ஓடும் நீள ஊசி. ஊசியைத் துணியில் குத்தி வெளியே எடுத்து, வளையத்தின் இடைவெளி வழியாக ஊசி முனையை நுழைத்து, வளையத்தைக் கொஞ்சம் சுழற்றினால் பூட்டிக்கொள்ளும். துணியின் கனமே பூட்டை இறுக்கும். இந்தப் பரம்பரையின் உச்சம், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் டாரா ப்ரூச். ஊசி மட்டுமே 30 சென்டிமீட்டருக்கு மேல். இதில் வளையத்தின் இடைவெளியை மூடிவிட்டார்கள், அதாவது அலங்காரம் வேலையைத் தாண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் யார் கண்ணுக்கும் படாத பின்பக்கத்தை முன்பக்கம் அளவுக்கே இழைத்திருக்கிறார்கள். 1850இல் கிடைத்த இடம் பெட்டிஸ்டவுன். பழைய மன்னர்களின் டாரா மலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கைமாறிய நகை வியாபாரி எடுப்பாக இருக்கட்டும் என்று வைத்த பெயர் அது. விளம்பரம் அன்றைக்கே அப்படித்தான்! இப்போது டப்ளினில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

13, 14ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய உடைகளில் பொத்தானும் பொத்தான் துளையும் பரவின. துணியைப் பிடித்து நிறுத்தும் வேலை மெல்ல மெல்ல ப்ரூச்சின் கையை விட்டுப் போனது. வேலை போனவருக்கு நேரம் கிடைக்கும் அல்லவா, ப்ரூச் பேச ஆரம்பித்தது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா மகாராணி கடைசி வரை கறுப்பே உடுத்தினார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் கிடைத்த ஜெட் என்ற கருப்புப் பொருளில் செய்த துக்க ப்ரூச்சுகள் அமோகமாக விற்றன. ஜெட் கல் இல்லை, மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான வருடம் இறுகிப்போன மரம். இறந்தவரின் தலைமுடியைப் பின்னிக் கண்ணாடிக்குள் வைத்த ப்ரூச்சுகளும் உண்டு. எனக்குப் பார்த்தாலே கொஞ்சம் உதறும்.

1909இலிருந்து, வாக்குரிமை கேட்டுச் சிறை சென்ற பிரிட்டிஷ் பெண்களுக்கு ஒரு ப்ரூச் கொடுத்தார்கள். சில்வியா பாங்கர்ஸ்ட் வடிவமைத்தது. நாடாளுமன்றச் சின்னமான இரும்புக் கதவின் மேல், அந்நாளில் கைதி உடையில் அச்சிட்ட அம்புக்குறி, அவர்கள் இயக்கத்தின் ஊதா, வெள்ளை, பச்சை நிறங்களில். இராக் பத்திரிகைகள் தன்னைப் பாம்பு என்று திட்டிய பிறகு, இராக் பற்றிய கூட்டத்துக்கு அப்போது அமெரிக்காவின் ஐ.நா. தூதராக இருந்த மேடலின் ஆல்பிரைட் தங்கப் பாம்பு ப்ரூச் குத்திக்கொண்டு போனார். 2019 செப்டம்பர் 24 அன்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத் தலைவர் லேடி ஹேல், நாடாளுமன்றத்தை முடக்கியது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வாசித்தபோது அவர் தோளில் இருந்த சிலந்தியை உலகமே பார்த்தது.

உங்கள் தும்பிக்கும் ஒரு பெரிய மனிதர் உறவு உண்டு. பிரெஞ்சு நகைக் கலைஞர் ரெனே லாலீக் 1897, 98 வாக்கில் செய்த தும்பிப் பெண் மார்பணி, இறக்கையோடு சுமார் 27 சென்டிமீட்டர் அகலம். லிஸ்பனில் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்திலிருந்து தும்பி ப்ரூச்சின் நிரந்தர வாடகைதாரர்.

சரி, போடுவதற்கு வருவோம்.

நீங்கள் குத்தியது அநேகமாக இடது மார்பில், சட்டைப் பை இருக்கும் உயரத்தில், தட்டையான துணியின் நடுவில். அது பெயர் அட்டைக்கான இடம். நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்த ப்ரூச்சை எடுத்துவிட்டால் ஏதாவது அவிழும் என்று தோன்றுகிறதா? உண்மையில் அவிழ வேண்டியதில்லை, அப்படித் தோன்றினால் போதும். சால்வை இரண்டு முனையும் சேரும் இடம், துப்பட்டாவோ புடவைத் தலைப்போ தோளில் மடிப்பு கூடும் இடம், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையின் மேல் பொத்தான், ஸ்கார்ஃப் முடிச்சு, முன்பக்கம் திறந்த கார்டிகன் சேரும் ஒற்றைப் புள்ளி, ஒரு பக்கம் சுருக்கம் வைத்த இடுப்பு. துணி எங்கே ஒன்றுகூடுகிறதோ அங்கே ப்ரூச் தானாகப் பொருந்தும். சாதாரண உருண்டைக் கழுத்து டிரெஸ்தான் என்றால், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, காறை எலும்புக்குச் சற்றுக் கீழே குத்துங்கள். நினைத்ததை விட இரண்டு விரல் மேலே. தும்பியை நேராக நிறுத்தாமல் கொஞ்சம் சாய்த்துத் தோளை நோக்கிப் பறக்க விடுங்கள். பூச்சியை நேர்க்கோட்டில் குத்தினால் ஆய்வுக்கூட மாதிரி ஆகிவிடும்.

ப்ரூச் போட்ட அன்று கழுத்தில் எதுவும் போடமாட்டேன். காதில் சின்னதாக ஒரு பொட்டு போதும். பூப்போட்ட துணியில் பூ ப்ரூச் காணாமல் போகும். பெரிய ப்ரூச்சுக்கு ஒரே நிறத் துணி, சின்னதாக இருந்தால் மூன்றைச் சேர்த்து நெருக்கமாகக் குத்தலாம். மூன்றும் ஒரே செட்டாக இருக்கக் கூடாது, அதுதான் அழகு. கோட், பிளேசர் போடுகிறவர்களுக்குக் காலர் மடிப்பு இருக்கவே இருக்கிறது. ஆண்களுக்கும் இதேதான், சமீப வருடங்களில் விருது விழாக்களில் டை கட்டாமல் ப்ரூச் மட்டும் குத்தி வரும் ஆண்கள் நிறைய. வைக்கிங் பெண்களைப் போல இரண்டு தோளிலும் ஜோடியாக ஒருமுறை முயன்றேன். எனக்குப் பொருந்தவில்லை, நாடகத்துக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தது.

துணிதான் முக்கியப் பிரச்சினை. கம்பளி, டெனிம், கெட்டிப் பருத்தி எதையும் தாங்கும். மெல்லிய பட்டிலும் ஷிஃபானிலும் கனமான ப்ரூச் தலைகுப்புறச் சாயும், அப்புறம் இழை இழுத்துக்கொள்ளும். அதற்கு நான் செய்வது: துணிக்கு உள்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஃபெல்ட் துண்டு வைத்து, இரண்டையும் சேர்த்துக் குத்துவேன். ஊசியை ஒரே குத்தாக இறக்காமல், உள்ளே விட்டு வெளியே எடுத்து மறுபடி உள்ளே விட்டுக் கொக்கியில் மாட்டினால் ப்ரூச் தொங்காது. தையல் ஓடும் இடத்தில் குத்தினால் இன்னும் பத்திரம். துளையே விழாத காந்த வகையும் கிடைக்கிறது, ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதை மார்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

என் முதல் நல்ல ப்ரூச்சை நான் தொலைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எனாமல் இலை, பின்னால் பூட்டில்லாத வெறும் கொக்கி. ஆங்கில எழுத்து சி மாதிரி வளைந்திருக்குமே, அது. ப்ரூச் குத்திய அதே தோளில் பையை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அலைந்தேன். வார் ஒவ்வொரு முறை உரசும்போதும் ஊசி கொக்கியிலிருந்து ஒரு மயிரிழை நகர்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால் சட்டையில் இரண்டு சின்ன ஓட்டைகள் மட்டும் இருந்தன. திரும்பிப் போய் நடைபாதையெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து பை வலது தோள், ப்ரூச் இடது தோள். காரில் போனால் சீட் பெல்ட் எந்தத் தோளில் வருகிறது என்பதையும் பார்த்துவிடுவேன்.

அதனால் உங்கள் தும்பியை இன்று இரவு திருப்பிப் பாருங்கள். வெறும் சி கொக்கியா, அல்லது சுழன்று மூடும் பூட்டு இருக்கிறதா? வெறும் கொக்கியாக இருந்து, ஊசி முனை ப்ரூச்சின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டும் இருந்தால், 19ஆம் நூற்றாண்டுப் பொருளாகவே இருக்கலாம். சுழலும் பூட்டு 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. யாராவது பிற்காலத்தில் பூட்டை மாற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்படியானால் பின்னால் பற்றவைத்த தழும்பு தெரியும். கீல் ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் நகை ஆசாரியிடம் சரிசெய்யும் வரை போட வேண்டாம். ஊசி நீளமாக இருந்தால், கம்மலுக்குப் பின்னால் மாட்டும் ரப்பர் திருகை ஊசி முனையில் செருகிவிடுங்கள், கொக்கியை விட்டு நழுவினாலும் கீழே விழாது. கற்கள் கண்ணாடிக் கற்களாக இருந்தால் தண்ணீரில் முக்கிக் கழுவாதீர்கள். பழையவற்றில் கல்லுக்குப் பின்னால் மினுமினுப்புக்காக மெல்லிய தகடு வைத்திருப்பார்கள், ஈரம் பட்டால் கறுத்துவிடும். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும்.

பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள். எந்தக் காலத்துப் பூட்டு என்று சேர்ந்து பார்க்கலாம்.