லாரிப் பட்டறை கேள்வி–பதில்: ஸ்பேர் கிடைக்காத வண்டிக்கு என்ன வழி?

கேள்வி: ஐயா, பத்து வீல் டிப்பர் ஒன்று ஓட்டுகிறேன். வண்டியைத் தயாரித்த கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிறது. இரண்டு டிரைவ் ஆக்சிலில் கடைசி ஆக்சிலின் பினியனில் (ஷாஃப்ட் முனையில் உள்ள சின்ன கியர்) இரண்டு பல் உடைந்துவிட்டது. பெங்களூரு ஜே.சி. ரோட்டு ஸ்பேர் கடைகளில் வண்டிப் பெயரைச் சொன்னதுமே கையை விரிக்கிறார்கள். ஒரு பட்டறையில் பல்லை வெல்டிங் வைத்து அரைத்துத் தருகிறேன் என்கிறார்கள். இன்னொருவர் பீன்யா தொழிற்பேட்டையில் புதிதாகவே வெட்டிவிடலாம் என்கிறார். எதை நம்புவது?
– டிப்பர் உரிமையாளர், ஹொஸ்கோட்டே

பதில்: இரண்டும் வேண்டாம். பினியன் பல்லின் மேல்தோல்தான் கார்பன் ஏற்றிக் கடினமாக்கப்பட்டது. அதன் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உள்ளே இருப்பது வளைந்து கொடுக்கும் இரும்பு. வெல்டிங் சூடு பட்டால் பக்கத்துப் பற்களின் கடினமும் இறங்கும், பல்லின் வேரில் விரிசலும் விழும். லோடு ஏற்றி மேடு ஏறும்போது மறுபடி உடையும். உடைந்த துண்டு, பினியன் சுற்றும் பெரிய கியரான கிரவுனுக்குள் சிக்கினால், இரண்டையும் தாங்கும் கூடான கேரியரும் சேர்ந்து போகும்.

பீன்யாவில் நேர்ப்பல் கியர், ஷாஃப்ட், ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையின் வரிப்பற்கள்), ஃபிளாஞ்ச் எல்லாம் நன்றாகவே செய்வார்கள். கிரவுன் பினியனின் சுருள் பல் வேறு சங்கதி. அதை வெட்டத் தனி இயந்திரம் வேண்டும். வெட்டி, கார்பன் ஏற்றி, ஜோடியை ஒன்றோடொன்று ஓடவிட்டு லாப்பிங் செய்ய வேண்டும். ஒரே ஒரு செட்டுக்கு இத்தனையும் கட்டுப்படியாகாது. யாராவது மலிவாகச் செய்கிறேன் என்றால் லாப்பிங்கை விட்டுவிடப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் வண்டிப் பெயரைச் சொல்லித் தேடுகிறீர்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நம் ஊர் லாரிக் கம்பெனிகள் பல, ஆக்சிலையும் கியர் பாக்ஸையும் பிரேக் சாமான்களையும் வெளியில் வாங்கிப் பூட்டியவை. வண்டிக் கம்பெனி மூடினாலும் ஆக்சில் செய்தவர் தொழிலில் இருக்கலாம். மெரிட்டர் ஆக்சில்கள் செய்யும் ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் தொழிற்சாலை உங்களுக்குப் பக்கத்தில், மைசூருவிலேயே இருக்கிறது. டீசலும் கம்பி பிரஷும் எடுத்து ஹவுசிங்கையும் கேரியரையும் தேயுங்கள். கிரீஸும் மண்ணும் ஏறிய இடத்துக்கு அடியில் சின்னத் தகடோ குத்திய எண்களோ இருக்கும்: ஆக்சில் மாடல், ரேஷியோ (கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்த எண்), சீரியல் எண். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வார்ப்பில் புடைத்து நிற்கும் எண் வார்ப்படத்தின் எண். அது பார்ட் நம்பர் ஆகாது. அதைச் சொல்லி வாங்கினால் வேறு ரேஷியோ வந்து நிற்கும்.

தகடு இல்லையென்றால் பல்லை எண்ணுங்கள். கிரவுனில் 41, பினியனில் 7 என்றால் ரேஷியோ 5.857. பினியனில் 6 என்றால் 6.833. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உங்களுக்கு இரண்டு டிரைவ் ஆக்சில் இருப்பதால், இரண்டிலும் ரேஷியோ ஒன்றாக இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் ஒரு ஆக்சில் இழுக்க மற்றது தடுக்கும், இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் இன்டர் ஆக்சில் டிஃபரன்ஷியல் எரிந்துபோகும். முன் டிரைவ் ஆக்சில் செட் பின் டிரைவ் ஆக்சிலுக்குப் பொருந்தும் என்றும் எண்ணிவிட வேண்டாம். பல வடிவமைப்புகளில் இரண்டின் சுருள் திசையே வேறு.

கிரவுனும் பினியனும் ஜோடி. இரண்டின் மேலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். பினியனை மட்டும் மாற்றுவது, இரண்டு பழைய செட்டில் இருந்து நல்லதாகப் பார்த்துச் சேர்ப்பது எல்லாம் ஊளையிடும் ஆக்சிலில்தான் போய் முடியும்.

புது செட் எங்குமே இல்லையென்றால் பழைய வண்டியின் கேரியரை முழுசாக வாங்குங்கள். லாரித் தொழில் நிறைந்த நாமக்கல், சங்ககிரிப் பக்கம் விசாரிக்கலாம். சென்னை புதுப்பேட்டையும் டெல்லி மாயாபுரியும் அடுத்து. பணம் கொடுக்கும் முன் நான்கைச் சரிபாருங்கள்: கேரியரின் போல்ட் எண்ணிக்கையும் உட்காரும் வட்டத்தின் விட்டமும், ஆக்சில் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் எண்ணிக்கை, புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் ஃபிளாஞ்சின் போல்ட் வட்டம், ரேஷியோ. ஸ்ப்லைனை எண்ணும்போது ஒன்றில் சாக்பீஸ் வைத்துத் தொடங்குங்கள். ஒன்று கூடக் குறைய எண்ணிவிட்டு 400 கிலோமீட்டர் தள்ளி இருந்து பார்சலைத் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

வந்த கேரியரைப் பிரிக்கும் முன் டயல் கேஜ் வைத்து பேக்லாஷை, அதாவது பற்களுக்கு நடுவில் உள்ள ஆட்டத்தை, கிரவுனின் மூன்று நான்கு இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். மெக்கானிக்குகள் பலரும் தவறவிடும் இடம் இது. ஓடிய செட்டைத் திரும்பப் பூட்டும்போது, ஏற்கெனவே இருந்த பேக்லாஷையே வைக்க வேண்டும். புத்தகத்தில் புது செட்டுக்குப் போட்டிருக்கும் அளவை வைத்தால், தேய்ந்து ஒன்றுக்கொன்று பழகிய முகங்கள் இடம் மாறிச் சத்தம் போடும்.

பேரிங் மாற்றியிருந்தால் மார்க்கிங் பார்க்காமல் மூட வேண்டாம். எட்டுப் பத்துப் பல்லில் மார்க்கிங் புளூ பூசிச் சுற்றுங்கள். தடம் பல்லின் உச்சியில் விழுந்தால் பினியனைக் கிரவுன் பக்கம் தள்ள வேண்டும். வேரில் விழுந்தால் வெளியே இழுக்க வேண்டும். இது ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) கணக்கு. தடம் பல்லின் உள்முனையில் விழுந்தால் கிரவுனைப் பினியனிடம் இருந்து விலக்குங்கள், வெளிமுனையில் விழுந்தால் நெருக்குங்கள். கிரவுன் போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள்.

உடைந்த காரணத்தையும் பார்த்துவிடுங்கள். ஹவுசிங்கின் மேல் உள்ள காற்றுப் போக்கியான பிரீதர் மண்ணில் அடைத்துக்கொண்டால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியாக எண்ணெய் வெளியேறும். குவாரி டிப்பர்களில் இது சாதாரணம். பினியன் நட் தளர்ந்திருந்தாலும் பல் ஓரத்தில் உட்கார்ந்து உடையும். எண்ணெய் ஜி.எல்.5 தரமாக இருக்க வேண்டும், கியர் பாக்ஸுக்கு வாங்கியதில் மிச்சத்தை ஊற்றக்கூடாது. ஹவுசிங்கைக் கழுவி, உடைந்த பல்லின் துண்டுகள் அத்தனையும் வெளியே வந்ததா என்று அடுக்கிப் பாருங்கள்.

அதுவரை வண்டியைப் பட்டறைக்கு நகர்த்த வேண்டுமென்றால், கடைசி ஆக்சிலின் இரண்டு ஆக்சில் ஷாஃப்ட்டையும் உருவி, ஹப் வாயைத் தகடு வைத்து மூடி, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் உள்ள ஷாஃப்ட்டைக் கழற்றி, இன்டர் ஆக்சில் லாக்கைப் போட்டு முன் டிரைவ் ஆக்சிலில் ஓட்டலாம். காலி வண்டி, மெதுவான ஓட்டம், பட்டறை வரைக்கும்தான். இப்படியே இரண்டு நடை அடித்துவிடலாம் என்று பார்த்தால் முன் ஆக்சிலுக்கும் இதே கடிதம் எழுத வேண்டிவரும்.

கேள்வி: பழைய ஆறு சிலிண்டர் வண்டி. மைக்கோ டீசல் பம்பின் எலிமென்ட் (பிளஞ்சரும் அது ஓடும் உருளையும்) தேய்ந்துவிட்டது. குஜ்ரியில் (பழைய சாமான் சந்தை) அதே மாதிரி பம்ப் ஒன்று இருக்கிறது, அப்படியே பூட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். பூட்டலாமா?
– வாசகர், யஷ்வந்தபுரம்

பதில்: மைக்கோ 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. ஆடுகோடியில் பிறந்த பம்புக்கு நம் பட்டறைகளில் இன்னும் பழைய பெயர்தான். "அதே மாதிரி" என்பதைத் தகட்டைப் படித்துத்தான் சொல்ல முடியும். பி.இ.எஸ். 6 ஏ 95 டி என்று தொடங்கினால், 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, ஏ என்பது பம்பின் அளவு வகை, 95 என்பது பிளஞ்சர் விட்டம் 9.5 மி.மீ. அதே வரிசையில் பின்னால் வரும் ஆர் அல்லது எல் சுழலும் திசை: ஆர் வலம், எல் இடம். திசை மாறிய பம்பைப் பூட்டினால் எரிபொருள் ஏறும் வரிசையே குழம்பும்.

அடுத்து, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் தகடு. ஆர்.எஸ்.வி. 350…1400 என்றால், பம்பின் ஐடிலும் உச்ச வேகமும். பம்ப் எஞ்சினில் பாதி வேகத்தில் சுற்றுவதால் 1400 என்பது எஞ்சினுக்கு 2800. குஜ்ரியில் கிடைப்பதில் ஜெனரேட்டரில் இருந்து கழற்றியவையும் உண்டு. அதன் கவர்னர் 1500 எஞ்சின் வேகத்துக்கு, அதாவது பம்பில் 750-க்குக் கட்டியது. ரோட்டில் வண்டி இழுக்காது, மெக்கானிக் இன்ஜெக்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

தகடு பொருந்தினாலும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றாமல் பூட்டாதீர்கள். ஆறு சிலிண்டருக்கு ஒவ்வொரு 60 டிகிரிக்கும் ஒரு இன்ஜெக்ஷன் தொடங்க வேண்டும், ஆறு லைனிலும் டெலிவரி சமமாக இருக்க வேண்டும். என் யோசனை, குஜ்ரி பம்பைவிட உங்கள் பம்புக்கே புது எலிமென்ட்டும் டெலிவரி வால்வும் போட்டு பெஞ்சில் செட் செய்வது மேல். கேம் ஷாஃப்ட்டும் பாடியும் நன்றாக இருந்தால் போதும். இன்னொன்று: சில பம்புகளுக்கு எஞ்சின் எண்ணெய் லைன் வழியாக வரும், சிலவற்றில் தனியாக ஊற்ற வேண்டும். காய்ந்த பம்பை ஸ்டார்ட் செய்தால் போட்ட காசு அன்றைக்கே போய்விடும்.

கேள்வி: பி.எஸ்.6 வண்டி. புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரின் எரர் வந்து பவர் குறைந்துவிட்டது. சென்சார் ஸ்டாக் இல்லை, காத்திருக்கச் சொல்கிறார்கள். ஒருவர், பொய் அளவு காட்டும் எமுலேட்டர் பெட்டி போட்டு எரரை அழித்துத் தருவதாகச் சொல்கிறார்.
– கன்டெய்னர் லாரி டிரைவர், பொம்மசந்திரா

பதில்: முதலில் சென்சார்தான் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனரில் எஸ்.பி.என். (கோளாறு எந்தப் பாகத்தில் என்று சொல்லும் எண்) 3216 என்றால் எஞ்சின் பக்கத்துச் சென்சார், 3226 என்றால் சைலன்சர் வெளிவாய்ச் சென்சார். கூடவே வரும் எஃப்.எம்.ஐ. எண் (கோளாறின் வகை) 9 என்றால் சென்சாரிடம் இருந்து தகவலே வரவில்லை என்று அர்த்தம். அப்போது ஃபியூஸ், கனெக்டர், வயர் மூன்றையும் பார்க்காமல் சென்சார் வாங்காதீர்கள். கனெக்டரில் 24 வோல்ட் வருகிறதா? பேட்டரியைத் துண்டித்துவிட்டு தகவல் போகும் கேன் லைன் வயர் இரண்டுக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கலாம். சேஸிஸில் வயர் உரசும் கிளிப் இடங்களில் தேடுங்கள்.

புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் டி.இ.எஃப். (யூரியா) திரவத்தையும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். திரவம் நீர்த்திருந்தால் வெளிவாய்ச் சென்சார் உள்ளதைத்தான் சொல்கிறது, அதன்மேல் குற்றமில்லை. அந்தத் திரவத்தைப் பீய்ச்சும் டோசரின் வாயில் வெள்ளையாகப் படிந்திருப்பது யூரியா உப்பு. வெந்நீரில் கரையும், கம்பியால் குத்த வேண்டாம்.

சென்சார்தான் என்று முடிவானால், முனையும் வயரும் சின்னப் பெட்டியும் ஒரே செட். மூன்றும் சேர்த்துத் திருத்தம் செய்யப்பட்டவை. வயரை வெட்டி வேறு முனையை ஒட்டினால் கணக்கு தப்பும். முன் சென்சாரையும் பின் சென்சாரையும் இடம் மாற்றிப் போடவும் பெரும்பாலும் முடியாது, முகவரி வேறு. பழையதன் பெட்டியில் உள்ள முழு எண்ணையும் கொடுத்து வேறு ஊர் டீலர்களிடம் ஸ்டாக் கேளுங்கள். ஓசூரும் சேலமும் எட்டும் தூரம்தான். பல வண்டிகளில், மாற்றியபின் ஸ்கேனரில் ரீசெட் செய்தால்தான் பவர் திரும்பும்.

எமுலேட்டர் வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எமுலேட்டர் போட்டவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது, ஆர்.சி.யில் இருப்பது உங்கள் முதலாளி பெயர்.

கேள்வி: பேரிங்கில் எண் தேய்ந்துபோய்விட்டது. என்ன சொல்லி வாங்குவது?
– வாசகர், கே.ஆர். புரம்

பதில்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்து கொடுங்கள். 40 × 90 × 23 என்றால் கடைக்காரர் 6308 எடுத்துத் தருவார். சாதாரண எண்களில் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 08 என்றால் 40 மி.மீ. டேப்பர் ரோலரானால் கோனும் கப்பும் (உள்வளையமும் வெளிவளையமும்) சேர்த்தே வாங்குங்கள். ஆயில் சீலுக்கும் இதே மூன்று அளவு. எஞ்சின் பின்பக்கம் போன்ற சூடான இடத்துக்கு வைட்டான் சீல் கேளுங்கள், சாதாரண நைட்ரைல் அங்கே கருகிக் கெட்டியாகிவிடும்.

கேள்வி: எஞ்சின் பிளாக் வெடித்துவிட்டது. அதே மாடல் பழைய எஞ்சின் வாங்கிப் பூட்டினால் ஆர்.சி.யில் காட்ட வேண்டுமா?
– வாசகர், கலாசிபாளையம்

பதில்: கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி எஞ்சின் மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, ஆர்.சி.யில் புது எண்ணைப் பதிய வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் மாற்றும் முன்பே ஃபைனான்ஸில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பழைய எஞ்சின் வாங்கும்போது விற்பவரிடம் எண் குறித்த பில்லும், அந்த எஞ்சின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கேளுங்கள். பிளாக்கில் எண் குத்திய இடம் அரைத்திருந்தாலோ மேலே பெயின்ட் புதிதாக இருந்தாலோ, விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.